கடல் பக்கம் திரும்பிய வாசல்

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவியானதில் என் திறமை ஒன்றும் இல்லை. கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய்விட்டேன், அவ்வளவுதான். படிக்கிற பிள்ளையின் தாய்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். யார் வருகிறீர்கள் என்று தலைமை ஆசிரியை கேட்டதும் மற்ற அம்மாக்கள் எல்லோரும் குனிந்து தங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்திருந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என் பேரை எழுதிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் எனக்கு வந்த கோபத்துக்கு, அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடாமல் வைத்தேன். அவர் அதையும் கவனிக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

நான் பிறந்தது காலடிப்பேட்டை. கல்யாணமான பிறகு குடிவந்தது, திருவொற்றியூரிலேயே எண்ணூர் விரைவுச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் நான்கைந்து தெருக்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்றுக்கு. தெருவில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் எங்களைப் போலத் துறைமுகத்தையும் தொழிற்சாலையையும் நம்பி இருப்பவர்கள். என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார். நான் ஒரு கன்டெய்னர் யார்டில் வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருகிற வண்டிக்கும் வெளியே போகிற வண்டிக்கும் சீட்டு எழுதுகிறேன். அந்தச் சாலை எங்கள் இருவருக்கும் சோறு போடுகிற சாலை. அதைக் குறை சொன்னால் எனக்கே நல்லதில்லை. ஆனாலும் என் மகள் அதைத் தாண்டுவதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

எங்கள் பக்கத்தில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் உண்டு. ஆறாவதுக்குச் சாலையைத் தாண்டிப் போக வேண்டும். எண்ணூரிலிருந்து வருகிற டிரெய்லர்களும் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்களும் அங்கே இரண்டு வரிசையாக நிற்கும். நிற்கிற வண்டி எப்போது நகரும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. எங்கள் தெருவில் ஐந்தாவதோடு நின்றுபோன பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். படிப்பு ஏறாமல் நின்றவர்கள் இல்லை அவர்கள்.

என் மகள் நான்காவது படித்துக்கொண்டிருந்தபோதே என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “ஆறாங்கிளாசுக்கு ரோட்டத் தாண்டி அனுப்பமாட்டேன். வியாசர்பாடில எங்க அக்கா வூட்ல தங்கி பட்சிக்கட்டும். நீ பேஜாரு பண்ணாத.”

அவருடைய அக்கா தங்கமானவர். குடியிருப்பில் மூன்றாவது மாடி, கீழே இறங்கினால் பள்ளிக்கூடம். என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்கு இருப்பது ஒரே பெண். யார்டிலிருந்து நான் வந்ததும் அன்றைக்கு வகுப்பில் நடந்ததை எல்லாம், டீச்சர் மாதிரி, அடி வாங்கியவன் மாதிரி, மணி அடிக்கிற ஆயா மாதிரி நடித்துக் காட்டுவாள். வாரத்தில் ஐந்து நாள் அது இல்லாத வீட்டில் நானும் இவரும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவது? கல்யாணமான புதிதிலேயே அவர் நாலு வார்த்தைக்கு மேல் பேசினதில்லை.

அந்தச் சமயத்தில்தான், எங்கள் பக்கத்திலேயே காலியாகக் கிடந்த பழைய கிடங்கு மனையில் புதிதாக நடுநிலைப் பள்ளி கட்டப்போகிறார்கள் என்று சேதி வந்தது. எட்டாவது வரை. அடுத்த ஆண்டு ஜூனில் திறப்பார்கள். என் மகள் ஆறாவதுக்குப் போகிற அதே ஜூன். கணக்கு அவ்வளவு சரியாக அமைந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டா வெறுப்பாக ஏற்றுக்கொண்ட தலைவி பதவி மேல் எனக்குத் திடீரென்று பாசம் வந்தது அப்போதுதான்.

கட்டுவதற்கு முன்னால் பெற்றோர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று, மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறியாளர் ஒருவர் வந்தார். சின்ன வயது, கண்ணாடி போட்டவர், மரியாதையாகப் பேசினார். அவருக்குத் தெரியாமல் போனது ஒன்று உண்டு. அது மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களில் கூட்டம் போட்டால் எங்கள் தெரு ஆண்கள் கடலில் இருப்பார்கள் அல்லது தூக்கத்தில் இருப்பார்கள். தடைக்காலத்தில் அவர்களுக்கு வலை பின்னுவதும் கருத்துச் சொல்வதும்தான் வேலை. பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்து வந்தவர் முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது.

ஒருவர் கடல் பக்கம் ஜன்னலே வைக்கக்கூடாது என்றார். “பசங்க பாடத்தப் பாக்காம கடல்ல போற போட்டப் பாத்துகினு குந்திகினு இருப்பானுங்க சார். நான் அப்டித்தான் கெட்டேன்.” இன்னொருவர் வடக்குப் பக்கம் ஜன்னல் கூடாது, எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வரும் என்றார். மேற்கில் லாரிப் புகை. தெற்குச் சுவரில் கரும்பலகை மாட்டப்போவதாகப் பொறியாளர் சொன்னதும், அப்படியானால் ஜன்னலே வேண்டாம் என்று முடிவாகிவிடும் போல இருந்தது. நான் தலைவி என்கிற முறையில் எழுந்து, “மூச்சு விடறதுக்காச்சும் ஒரு ஓட்ட வேணும்பா” என்றேன். அதை ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு அவர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். நீலக் கோடும் கறுப்புக் கோடுமாக இருந்தது. எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். எனக்கு அதில் மாடிப்படி எது, கழிவறை எது என்று தெரியவில்லை. தலைவி போய் தெரியவில்லை என்று சொல்ல முடியுமா?

சொன்னது, காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிற எங்கள் எதிர்வீட்டு அம்மாள்தான். அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அந்தப் பெண்ணுக்கு வியாசர்பாடியில் அத்தை கிடையாது, புதுப் பள்ளி வராவிட்டால் அவளும் ஐந்தாவதோடு நிற்க வேண்டியவள். “நைனா, காயிதத்துல கோடு போட்டு இன்னாத்தக் காட்டற? எங்களுக்கு ஒண்ணும் பிரியல. தரையில போட்டுக் காட்டு, எங்க குந்தறது, எங்க ஒதுங்கறதுன்னு நடந்து பாத்து சொல்றோம்.”

பொறியாளர் சிரித்து, வரைபடத்தின் நகல் ஒன்றை எங்களிடமே விட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வருவதாகவும் அன்றைக்குத் தலைவி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் உடனே வேலை தொடங்கிவிடலாம் என்றும் சொன்னார். நான் அன்றே போட்டுக் கொடுத்திருப்பேன். எனக்கு அவ்வளவு அவசரம்.

மறுநாள் சாயங்காலம் தெரு ஆண்கள் பழைய வலைக்கயிற்றை எடுத்துக்கொண்டு மனைக்குப் போய்விட்டார்கள். தரையில் கயிறு போட்டு, மூலைக்கு மூலை முளை அடித்து, பள்ளிக்கூடத்தையே படுக்க வைத்துவிடுவதாகத் திட்டம். அளப்பதற்கு டேப் எதற்கு? கடலில் ஆழத்தை அவர்கள் பாகத்தில்தான் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம், அதாவது ஆறடி. விசைப்படகு ஓட்டுகிற ஒருவர், தெருவிலேயே உயரமானவர், படத்தில் போட்டிருந்த அடிக்கணக்கை எல்லாம் மனசிலேயே பாகமாக்கி, கயிற்றை மார்போடு நீட்டி நீட்டி அளந்துகொண்டே போனார். நாங்கள் பெண்கள் சுண்ணாம்புத் தூளைக் கயிற்றோரமாகத் தூவினோம்.

எட்டாம் வகுப்பு அறையை அளந்து முடித்தபோது, அதில் பாதி மனையைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது.

பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “எங்க வூட்டு அடுப்பாண்ட எட்டாங்கிளாஸா? யாராண்ட கேட்டீங்க?”

அவ்வளவுதான். மாநகராட்சிக்காரன் நைசாக வீட்டை எடுக்கப் பார்க்கிறான் என்று அரை மணி நேரத்தில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மனு எழுதினார்கள். அதை எழுதினவள் நான்தான், மூன்று பக்கம், ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று இரண்டு இடத்தில் போட்டேன். உயரமான ஆளின் கையை விரித்து அளந்து பார்க்கலாமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடலில் இத்தனை வருஷம் தப்பாகப் போகாத அளவு தரையில் மட்டும் எப்படித் தப்பாகும்?

ஞாயிற்றுக்கிழமை பொறியாளர் கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்து நிமிஷத்தில் கிளம்புவதற்காக வந்தவர். நாங்கள் மனுவோடு சூழ்ந்துகொண்டோம். அவர் மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்து, “அளந்த அண்ணன் யாரு? கொஞ்சம் கைய விரிங்க” என்றார். விரித்தார். ஆறரை அடி. இருபது பாகத்துக்குப் பத்தடி கூடியிருந்தது.

படகு ஓட்டுகிறவர் தன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப நான் பதினெட்டு பாகம்னு சொன்ன எடமெல்லாம் இன்னா கணக்கு?” என்று கேட்டார். தெருவே சிரித்தது, அவரும் கடைசியில் சிரித்தார். நான் மனுவை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இவ்வளவு கலவரமான பிறகு கயிற்றைச் சரியாகப் போட்டுக் காட்டாமல் போகப் பொறியாளருக்கு மனம் வரவில்லை. டேப்பைப் பிடித்து அவரே கூட நின்றார். இந்த முறை பள்ளிக்கூடம் மனைக்குள் அடங்கியது. பிள்ளைகள் அந்தக் கோடுகளுக்குள் ஓடிப் போய் வகுப்பறைகளில் உட்கார்ந்தார்கள். என் மகள் ஆறாம் வகுப்பு எது என்று கேட்டு, சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எனக்குக் கையைக் காட்டிப் பக்கத்து இடத்தை எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிடித்து வைத்தாள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடைசியாகப் போட்டது வாசல். மேற்குப் பக்கம், விரைவுச் சாலையைப் பார்த்து. பெயர்ப் பலகை தெரிய வேண்டும், அதிகாரிகளின் வண்டி வர வேண்டும், அதனால் அந்தப் பக்கம். முளை அடித்த இடத்துக்கும் டிரெய்லர் சக்கரம் போகிற தடத்துக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். சாலையைத் தாண்ட வேண்டாம் என்றுதான் புதுப் பள்ளியே வருகிறது. வாசல் போய் அந்தச் சாலையிலேயே வாயைத் திறந்துகொண்டிருந்தது. தினமும் எட்டு மணி நேரம் வாசலில் உட்கார்ந்து பிழைக்கிறவள் நான். படத்தில் அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அதுவரைக்கும் ஓரமாக நின்றிருந்த என் வீட்டுக்காரர் எங்கேயோ போனார். கொஞ்ச நேரத்தில் தன் டிரெய்லரின் முன்பகுதியை, பின்னால் பெட்டி இல்லாமல், ஓட்டிக்கொண்டு வந்து வாசல் முளைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டு வண்டியின் மூக்குக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்தார். பதினோரு பேர். பிறகு பொறியாளரிடம், “சார், மேல ஏறி என் சீட்ல குந்துங்க. எத்தினி பேரு நிக்கறாங்கன்னு எண்ணி சொல்லுங்க” என்றார்.

பொறியாளர் ஏறினார். முன்னால் குனிந்து பார்த்தார், கண்ணாடியில் பார்த்தார்.

“ஒருத்தரும் தெரியல” என்றார்.

“அதான் சார் நான் தெனம் பாக்கறது” என்றார் என் வீட்டுக்காரர்.

பொறியாளர் இறங்கியதும் நான் ஏறினேன். இத்தனை வருஷத்தில் அந்த இருக்கையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கீழே என் மகள் நிற்கிறாள், எனக்குத் தெரியும், நான்தான் காலையில் அவளுக்கு ரெட்டைப் பின்னல் போட்டு விட்டேன். ஆனால் சாலை தெரிந்தது, எதிரே இருந்த விளக்குக் கம்பம் தெரிந்தது, அவள் தெரியவில்லை.

பொறியாளர் நல்ல மனிதர், ஒன்றையும் மறைக்கவில்லை. வாசலைக் கடல் பக்கத் தெருவுக்குத் திருப்பலாம் என்றார். ஆனால் வாசல் திரும்பினால் மாடிப்படி திரும்ப வேண்டும், கழிவறைக் குழாய் திரும்ப வேண்டும். வரைபடம் மறுபடி மேலே போய் ஒப்புதலாகி வர வேண்டும். அடுத்த ஜூனுக்குள் முடியாது. அதற்கடுத்த ஜூன்தான்.

“இதே படத்துக்குக் கையெழுத்துப் போட்டா அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் உண்டு. வாசலை அப்புறமா மாத்திக்கலாம்னு நான் சொல்லமாட்டேன். கட்டின வாசலை யாரும் மாத்த மாட்டாங்க” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பார்க்கவில்லை, டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆண்டு தள்ளிப்போனால் நம் பிள்ளை வியாசர்பாடிக்குப் போவாள் என்று அவருக்கும் தெரியும். பள்ளி கிடைக்கட்டும், என் பிள்ளையை நான் தினமும் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுவேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். மற்ற பிள்ளைகளை யார் கையைப் பிடித்துக் கொண்டுவருவார்கள்? எதிர்வீட்டு அம்மாள் விடியற்காலையிலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்குப் போய்விடுகிறவர்.

அந்தம்மாள்தான் என் பக்கத்தில் வந்து நின்றார். “தங்கச்சி, நீ எத்த சொன்னாலும் நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம். உனுக்கு இன்னா போவும்னு எங்களுக்குத் தெரியும்” என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் என்னை அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருடைய மகளுக்கும் அந்த ஓர் ஆண்டு போகும் என்று அவர் சொல்லவே இல்லை.

“வாசல திருப்புங்க சார்” என்றேன்.

கடல் பக்கத் தெருவில் வாசல் வைக்க வழி விட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் வலை காயப்போடுவார்கள், ஒவ்வொரு படகுக்கும் ஓர் இடம் என்று வைத்திருக்கிறார்கள், ஓரடிக்குச் சண்டை வரும். படகு ஓட்டுகிறவர் தன்னுடைய இடத்தை விட்டுக்கொடுத்தார். அதை மட்டும் டேப்பால் அளக்கச் சொன்னார்.

அடுத்த ஜூனில் என் மகள் வியாசர்பாடிக்குப் போனாள். எதிர்வீட்டுப் பெண் எங்கேயும் போகவில்லை. ஓர் ஆண்டு முழுக்க வீட்டில் இருந்து கூடை கழுவினாள். அவளை நான் தினமும் பார்த்தேன். இரண்டு வீட்டிலும் அந்த ஆண்டை நான்தான் எடுத்தேன் என்கிற நினைப்பு என்னை விடவில்லை. யார்டில் சீட்டு எழுதும்போது, உள்ளே என்பதற்கு வெளியே என்று எழுதி எத்தனையோ தரம் திட்டு வாங்கினேன். என் வீட்டுக்காரர் என்னைச் சமாதானம் பண்ணுவதற்காக, அவருக்குத் தெரியாத வித்தையாக, வேலைக்குப் போய் வந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்லப் பழகினார். நாலு வார்த்தைக்கு மேல் வராது. ஆனாலும் தினமும் சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கிற பாதிப் பிரியம் அந்த ஓர் ஆண்டில் வந்ததுதான்.

அதற்கடுத்த ஜூனில் பள்ளி திறந்தது. வாசல் கடலைப் பார்த்து இருந்தது, அகலமாக, பிள்ளைகள் தள்ளிக்கொண்டு ஓடலாம்போல. புதிதாக ஆறாம் வகுப்பு மட்டும் தொடங்குவார்கள், ஏழாவது அடுத்த ஆண்டு, எட்டாவது அதற்கடுத்த ஆண்டு. எதிர்வீட்டுப் பெண் ஓர் ஆண்டு பின்னால் போய் ஆறாவதில் சேர்ந்தாள். என் மகள் ஏழாவதுக்கு வந்துவிட்டிருந்தாள். இந்தப் பள்ளியில் எப்போதும் அவளுக்கு ஒரு வகுப்புக் குறைவாகத்தான் இருக்கப்போகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

திறப்பு விழாவுக்கு அவளும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். என்னை முன் வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போட்டார்கள். விழா முடிந்ததும் அவள் ஆறாம் வகுப்பு அறைக்குப் போய் ஜன்னல், பெஞ்சு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம்.

“அன்னிக்கி நீ வண்டில ஏறி பாத்தல்லம்மா,” என்றாள், “நான் கீழேருந்து உனுக்குக் கைய ஆட்டிகினே இருந்தேன். தெரிஞ்சிதா?”

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். அவளிடம் என்னால் முடியவில்லை.

“தெரியலடி” என்றேன்.

“ரெண்டு கையாலயும் ஆட்டுனேன்” என்றாள். பிறகு, அத்தைக்குக் கொடுக்க வாங்கி வைத்த கருவாட்டுப் பொட்டலத்தை மறந்துவிடப் போகிறோம் என்று சொல்லி, என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்தாள். சாயங்காலம் அவளை வியாசர்பாடி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் நான் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றேன்.